தாமஸ் பாட்டா

பாட்டா என்பது இந்திய நிறுவனம் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது ஒரு மனிதரின் குடும்பப் பெயராகும். தாமஸ் பாட்டா 1876இல், இன்றைய செக் நாட்டிலுள்ள ஸ்லின் என்னும் சிற்றூரில் பிறந்தார். காலணி தைப்பதே அவருடைய குலத்தொழில். 1894இல் அண்ணன், அக்காளுடன் சேர்ந்து தொழில் தொடங்கினார். மறு ஆண்டே கடன் சூழ்ந்தது. தோல் வாங்கப் பணமில்லாமையால் கித்தான் துணியில் காலணி செய்தார். எடை குறைந்த அக்காலணிகள் நன்கு விற்றன.

அக்காலத்தில் அமெரிக்காவின் லின் நகரம் காலணித் தொழிலில் சிறந்து விளங்கியது. தென் அமெரிக்காவின் சூரினாமிலிருந்து அங்குக் குடியேறிய கறுப்பினத் தொழிலாளி யான் மாட்செலிகர், காலணியின் மேல்தோலைக் கால்வடிவ அச்சின்மீது இழுத்துப் பொருத்தும் இயந்திரத்துக்கு 1883இல் காப்புரிமை பெற்றிருந்தார். கைவினைஞர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 இணைகளே முடிப்பர். இயந்திரமோ பன்மடங்கு முடித்தது. 1904இல் பாட்டா லின் நகருக்குச் சென்றார். சொந்த ஊரில் முதலாளியாக இருந்தவர், அங்குக் கூலித் தொழிலாளியாக நின்று தொழில் கற்றார்.

முதல் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்களுக்குக் காலணி செய்து நிறுவனம் வளர்ந்தது. போருக்குப்பின் விற்பனை சரிந்தது. 1922இல் பாட்டா காலணி விலையைப் பாதியாகக் குறைத்தார். தொழிலாளர் ஊதியமும் குறைக்கப்பட்டது. அஃது எளிய முடிவன்று. ஈடாக, உணவுப் பொருள்கள் அவர்களுக்குப் பாதி விலையில் கிடைத்தன. கடைகளில் மக்கள் திரண்டனர்.

வெறுங்காலுடன் நடப்போர் மிகுந்த இந்தியாவிலும் அவர் கருத்துச் செலுத்தினார். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள கொன்னகரில் பணி தொடங்கியது. 1932 ஜூலை 12 அன்று மூடுபனியில் புறப்பட்ட அவருடைய விமானம் வீழ்ந்தது, பாட்டா உயிரிழந்தார். ஈராண்டுகளுக்குப்பின் ஹூக்ளி ஆற்றங்கரையில் எழத் தொடங்கிய ஆலை நகரம், பாட்டாநகர் என அவர் பெயரைப் பெற்றது.