பெத்ராவை எழுதிய கை

பிரான்ஸ் தேசத்தில் 1639ஆம் ஆண்டு பிறந்த ழான் ரசீன், நான்கு வயது முடியுமுன்னரே தாயையும் தந்தையையும் இழந்தார். பேத்தியார் அவரை வளர்த்தார். போர் றோயல் கன்னியர் மடத்தை அண்டித் தனித்து வாழ்ந்த பக்திமான்கள் அவருக்குக் கிரேக்கம் கற்பித்தனர். (அம்மடத்தைச் சார்ந்தோரின் கொள்கைகள் சிலவற்றைத் திருச்சபை கண்டித்தது உண்மையே. ஆயினும் அவர்கள் சிறந்த ஆசிரியர்கள்.)

வாலிபன் நாடகத்தை நாடிப் பாரிசுக்குப் போனான். மடத்தில் கன்னியாயிருந்த தகப்பனின் சகோதரி, கூத்தாடிகளின் சகவாசம் வேண்டாமென்று கடிதம் எழுதினார், பயனில்லை. தமது நாடகத்தை மேடையேற்றிக் கைதூக்கிவிட்ட மொலியேரை 1665இல் கைவிட்டு, அதே நாடகத்தைப் போட்டிக் குழுவிடம் கொடுத்தார் ரசீன். அடுத்த ஆண்டு, நாடகக்காரரைக் கண்டித்த பழைய ஆசிரியர்களை ஏளனம் செய்து பகிரங்கக் கடிதமும் வெளியிட்டார். திறமை இருந்த அளவுக்கு நன்றி இருக்கவில்லை.

1677 ஜனவரி முதலாம் திகதி 'பெத்ரா' அரங்கேறியது. பழைய கிரேக்கக் கதை. அரசி பெத்ரா கணவனின் மூத்த தாரத்து மகன் இப்பொலித்துவின் மேல் தகாத ஆசை கொள்கிறாள், அவன் மறுக்கிறான். இறந்ததாகக் கருதப்பட்ட அரசன் திரும்பி வரவே, தாதி பழியை இளைஞன்மேல் போடுகிறாள், தகப்பன் சபிக்கிறான். மனம் பொறாத பெத்ரா உண்மையைச் சொல்லவே அரசனிடம் வருகிறாள். அப்போது இப்பொலித்து வேறொரு பெண்ணை நேசிப்பதாக அவன் வாயாலேயே கேள்விப்படுகிறாள். பொறாமை அவள் வாயை அடைத்துவிடுகிறது. குற்றமற்றவன் கடற்கரையில் தன் குதிரைகளாலேயே இழுபட்டு மடிகிறான். நஞ்சருந்திய பின்னரே அவள் வாய் திறக்கிறாள். கி.மு. 428இல் யூரிப்பிடீஸ் எழுதிய நாடகத்தில் அந்த மற்றப் பெண்ணும் இல்லை, இந்த மௌனமும் இல்லை. இது ரசீன் தாமே சேர்த்தது.

இரண்டு நாள் கழித்து, எதிரிகளின் ஆதரவோடு பிராடோன் என்பவர் அதே கதையை வேறு மேடையில் ஏற்றினார். அவ்வாண்டிலேயே ரசீன் பொது அரங்கை விட்டு விலகினார், வயது முப்பத்தேழு. ஜூனில் திருமணம், ஏழு பிள்ளைகள். நண்பர் புவாலோ 'பெத்ரா' பிரதியை போர் றோயலின் பெரியவர் ஆர்னோவிடம் கொண்டுபோனார். அவர் அதை மெச்சினார். இப்பொலித்துவைக் காதலனாக்கியது ஏன் என்பதே அவருடைய ஒரே குறை. பின்னர் ரசீன் நேரில் சென்று காலில் விழ, அந்த முதியவரும் முழந்தாளிட்டு அவரைத் தழுவிக்கொண்டாராம். மகன் லூயி இவ்வாறு எழுதியிருக்கிறார்.

அதன்பின் அவர் எழுதிய நாடகங்கள் இரண்டே. வேதாகமத்திலிருந்து எடுத்த 'எஸ்தர்' 1689இலும், 'அத்தாலியா' 1691இலும் சேன் சீர் பாடசாலை மாணவிகளுக்காக எழுதப்பட்டன.

1699 ஏப்ரல் 21ஆம் திகதி இறந்தார். தம் ஆசான் அமோனின் காலடியில் அடக்கம் செய்யும்படி கேட்டிருந்தார், அம்மடத்திலேயே அடக்கம் செய்தார்கள். பின்னர் அரசன் பதினான்காம் லூயியின் கட்டளையால் அம்மடம் இடிக்கப்பட்டது. 1711இல் அவரது எலும்புகள் பாரிசிலுள்ள புனித ஸ்தேவான் கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டன. பஸ்கால் அடக்கம்பண்ணப்பட்டிருப்பதும் அங்கேதான்.