சங்கிலியால் இந்தியாவை அளந்தவர்: யார் இந்த வில்லியம் லாம்ப்டன்?

பழவேற்காடு ஏரிக்குள் சர்வே கல் எதுவும் கிடையாது. எந்த நாள், யார், எங்கே வலை கட்டலாம் என்பதை மீனவ கிராமங்களின் ‘பாடு’ முறைதான் முடிவு செய்யும். கரையேறிவிட்டால் கதையே வேற. பட்டா, புறம்போக்கு, எல்லை என எல்லாத்துக்கும் அளவு வேணும்.

இந்திய வரைபடத்துக்கான பெரிய அளவை வேலை, அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தெற்கே பரங்கிமலை அருகேதான் தொடங்கியது. தொடங்கியவர் வில்லியம் லாம்ப்டன், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1799 மைசூர் போரின்போது, இரவில் படை தவறான திசையில் போவதை நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டுபிடித்தவர்.

1802 ஏப்ரல் 10. சென்னை வெயில்ல, 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து சுமார் 7.5 மைல் நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். சூடானால் எஃகு நீளும், அளவு தப்பும். அதனால் சங்கிலிக்கு நிழல் கொடுத்தார்கள், பக்கத்திலேயே தெர்மாமீட்டரும் வைத்தார்கள்.

அவ்வளவு மெனக்கெட்டது ஏன்? முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் போதும், மற்ற பக்கங்களைக் கணக்கிலேயே எடுத்துவிடலாம். அடுத்த முக்கோணம் அதன் மேல் நிற்கும். முதல் கோடு தப்பினால் மொத்தமும் தப்பு.

கோணம் அளக்க தியோடலைட். எடை சுமார் அரை டன்! தஞ்சாவூர் பக்கம் குன்றுகள் இல்லாததால் கோபுரங்கள் மேல்தான் ஏற்ற வேண்டியிருந்தது. 1808-ல் அப்படி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. அளவு வட்டம் நெளிந்துபோச்சு. மாற்றுக் கருவி லண்டனிலிருந்து கப்பலில்தான் வரணும். லாம்ப்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தவர், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தி, அதே கருவியோடு வேலையைத் தொடர்ந்தார்.

சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே சுமார் 400 மைல் என்று பழைய வரைபடங்கள் காட்டின. இவர் அளந்தபோது வந்தது 360 தான்.

1823 ஜனவரி 20, நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். அப்போதும் அளவை முடியவில்லை. உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்றார். உலகின் உயரமான சிகரத்துக்கு 1865-ல் வைத்தது அவர் பெயரைத்தான். லாம்ப்டனின் கல்லறை ஹிங்கன்காட்டிலேயே இருக்கிறது.