போன் கண்டுபிடித்தவர் வீட்டுக் கதை

கணக்கு நோட்டைத் தவிர நான் எழுதுறது இதுதான் முதல் தடவை.

என் மகளுக்குக் காது சோதனை செய்த சீட்டில் டெசிபல் என்று போட்டிருந்தது. அதில் வரும் பெல், போன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் பெயர்தானாம். அவரைப் பற்றித் தேடிப் படிச்சேன்.

1847-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அம்மாவுக்குக் காது மந்தம். மற்றவங்க காதில் குழாய் வைத்துப் பேசுவாங்க. இவர் மட்டும் அம்மா நெற்றிப் பக்கம் வாயை வைத்து மெதுவாப் பேசுவார். அந்த அதிர்விலேயே அம்மாவுக்குப் புரியுமாம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுத்தார். அப்படிப் படிக்க வந்த மேபலைத்தான் 1877-ல் கல்யாணம் பண்ணினார். அந்தம்மாவுக்கு 5 வயசுக் காய்ச்சலில் காது போய்விட்டது. முந்தின வருசம்தான் போன் கண்டுபிடித்திருந்தார். ஊரே அதில் பேசுச்சு, கட்டினவளால் கேட்க முடியலையே! 1879-ல் காது எவ்வளவு கேட்குதுன்னு அளக்கும் கருவியும் செய்தார்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகள் வாயால்தான் பேசணும், கை ஜாடை கூடாது என்பதில் பிடிவாதமா இருந்தார். என் மக ஜாடையில்தான் என்கிட்ட சண்டையே போடுவா.

1922-ல் அவரை அடக்கம் செய்தப்போ, வட அமெரிக்காவில் போன்களை ஒரு நிமிசம் நிறுத்தி வச்சாங்களாம்.