பசியை அறிந்த பண்டித ரமாபாய்

மும்பையில் இருந்து சென்னைக்கு ரெயிலில் போகும் நம்மவர்கள், புனேயைத் தாண்டியதும் கேட்காவ் என்ற சிறிய நிலையத்தைக் கடந்துதான் தவுண்ட் சந்திப்பை அடைகிறார்கள். ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள்கூட அந்தப் பெயர்ப்பலகையைக் கவனிப்பது அரிது. அந்த ஊரில்தான் பண்டித ரமாபாய் அம்மையார் பஞ்சத்தில் வாடிய பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தார்.

1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, இன்றைய கர்நாடகத்தில் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மராட்டிய அந்தணர், வடமொழிப் புலவர். பெண்ணுக்கு வடமொழி கற்பிக்கக் கூடாது என்ற எதிர்ப்பை மீறித் தம் மனைவிக்குக் கற்பித்தவர். தாயிடம் பாடம் கேட்டு வளர்ந்தார் மகள். புராணம் வாசித்துக்கொண்டே குடும்பம் ஊர் ஊராகத் தீர்த்த யாத்திரை சென்றது.

இலையும் தண்ணீரும்

1874-ல் பஞ்சம் தாக்கியது. கையிருப்பு தீர்ந்தது. காட்டு இலைகளையும் தண்ணீரையும் கொண்டு நாட்களைக் கழித்தார்கள். முதலில் தந்தை இறந்தார். சில வாரங்களில் தாயும் போய்விட்டார். சாகும் தறுவாயில் இருந்த தாய்க்காக ரமாபாய் ஒரு வீட்டு வாசலில் ரொட்டித் துண்டு கேட்டு வாங்கி வந்தார். அதை விழுங்கக்கூடத் தாய்க்குத் தெம்பு இல்லை. அப்போது ரமாபாய்க்கு வயது 16. அடுத்து அக்காளும் இறந்தார்.

மிஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றி, 1878-ல் கல்கத்தாவை அடைந்தனர். ரமாபாயின் வடமொழிப் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் பண்டிதை, சரசுவதி என்ற பட்டங்களை அளித்தனர். 1880-ல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் பிபின் பிகாரியை ரமாபாய் மணந்தார். 1882-ல் காலரா கணவரைக் கொண்டுபோனது. கைக்குழந்தை மனோரமாவுடன் 23 வயதில் விதவையானார்.

திறந்த கதவு

1883-ல் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். லண்டனில், வழி தவறிய பெண்களைக் கன்னிகாஸ்திரீகள் அன்போடு பராமரிக்கும் இல்லத்தைக் கண்டார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசிய பகுதியை அங்கே கேட்டதும் அவர் மனம் இளகியது. அதே ஆண்டு செப்டம்பரில் மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் சபையார் சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டவில்லை. கேள்வி கேட்டார், வாதாடினார். மரக்கறி உணவையும் விடவில்லை.

1889-ல் அன்றைய பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதனத்தைத் தொடங்கி, மறு ஆண்டு புனேக்கு மாற்றினார். எந்த மாணவியையும் மதம் மாறும்படி வற்புறுத்துவதில்லை என்பது ஏற்பாடு. ஆனால் அவர் கதவைத் திறந்து வைத்தே ஜெபம் செய்தார். சில பெண்கள் வந்து அமர்ந்தார்கள். இதனால் எழுந்த சர்ச்சையில், 1893-ல் ரானடே, பண்டார்க்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்து விலகினர். பெற்றோர் பலர் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். அம்மையார் கதவைச் சாத்தவில்லை.

மீண்டும் பஞ்சம்

1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் என்று கேட்டதும், தாமே நேரில் போய் அனாதைப் பெண்களைக் கூட்டி வந்தார். எலும்பும் தோலுமாக நின்ற அந்தச் சிறுமிகளிடம் அவர் கண்டது தம் பழைய முகத்தைத்தான். புனேயில் பிளேக் கட்டுப்பாடு வந்ததால் அவர்களைக் கேட்காவில் இருந்த தம் பண்ணைக்கு அனுப்பினார். அதுவே முக்தி சதனம் ஆனது. 1900-ல் குஜராத் பஞ்சத்தின்போது அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 2 ஆயிரம் பேர். அத்தனை வாய்களுக்கும் உணவு வேண்டி அவர் நாள்தோறும் ஜெபித்தார். ஜெபத்தோடு நிற்காமல் நெசவு, விவசாயம், அச்சுத் தொழில் என்று பெண்களின் கைக்கு வேலையும் கொடுத்தார்.

பாமரப் பெண்களுக்குப் புரிய வேண்டும் என்று, கிரேக்கமும் எபிரேயமும் கற்று, வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். முக்தி அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்களும் அங்கே வளர்ந்த பெண்களே.

1921-ல் மகள் மனோரமா மறைந்தார். 1922 ஏப்ரல் 5-ந் தேதி அம்மையாரும் கண்மூடினார்.

துன்பம் பலருடைய மனதைக் கல்லாக்கி விடுகிறது. ரமாபாய்க்கோ பசி அடுத்தவர் வயிற்றைக் காட்டிக்கொடுத்தது. ஜெபம் அதற்காக எழுந்து நடக்கும் பலத்தைத் தந்தது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கேட்காவ் பெயர்ப்பலகை வந்தால் ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்வோம்.