அமர்க்கோட்டையிற் பிறந்த குழந்தை

பேரரசர் ஒருவரின் வரலாறென்றதும் பொன்தொட்டிலும் அரண்மனையும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. அக்பர் பிறந்த வேளையிலோ அவர் தந்தை உமாயூனுக்கு நாடுமில்லை, நிலையான வீடுமில்லை. 1539இற் சௌசாவிலும் 1540இற் கன்னோசியிலும் சேர்ஷாவிடம் தோற்றவர், சிந்துப் பாலையில் நீரின்றி அலைந்தார். அந்நாளில் அமர்க்கோட்டையை ஆண்ட இராசபுத்திர மன்னர் அவருக்கு அடைக்கலம் ஈந்தார். அங்கேதான் 1542 ஒக்டோபர் 15ஆந் திகதி ஹமீதா பானு மகனைப் பெற்றார். படையுடன் வெளியே சென்றிருந்த உமாயூனுக்குச் செய்தி வழியிற் கிட்டியது. பரிசளிக்கப் பொருளேது? கையிலிருந்த கஸ்தூரியை உடைத்து உடனிருந்தோர்க்குப் பகிர்ந்தாராம்.

மறு ஆண்டிற் பெற்றோர் பாரசீகத்துக்குத் தப்பியோட, குழந்தை சிற்றப்பன் அஸ்காரியின் கையிற் சிக்கிக் கந்தகாரில் வளர்ந்தது. 1545இற் காபூலிலேயே தந்தை மகனை மீண்டுங் கண்டார்.

இவற்றை நாம் எவ்வாறு அறிகின்றோம்? அக்பர் தாமே ஏடெடுத்துப் படிப்பவரல்லர். பிறர் படிக்கக் கேட்டு அறிந்தவர். ஆயினும், பழையவற்றைக் கண்டவர்கள் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருந்ததை அவர் உணர்ந்தார். 1587ஆம் ஆண்டளவில், நினைவிலுள்ளதை எழுதித் தருமாறு முதியோரைப் பணித்தார். உமாயூனுக்கு நீர்ச்செம்பு ஏந்திய ஜௌஹர் எழுதினார். பயாசித் என்னும் முதியவர் தாம் சொல்ல மற்றொருவரை எழுதச் செய்தார். அறுபதைக் கடந்த அத்தை குல்பதன் பேகமும் எழுதினார்.

அவைப்புலவர் அபுல் பசல், அரசரின் குலத்தைத் தைமூருக்கும் அப்பால் ஆதாம் வரையில் ஏற்றிவைத்தார். அதனை நாம் புன்னகையோடு விட்டுவிடலாம். அத்தையின் நூலே நமக்கு இனிக்கின்றது. உமாயூனை மணக்க ஹமீதா நாற்பது நாள் இணங்காதிருந்ததை வேறெவர் எழுதியிருப்பார்? அண்ணியிடமே கேட்டறிந்து எழுதினார் போலும்! கிழவிமார் கதையென்று இத்தகையவற்றைத் தள்ளுவோர் நம்மிடையே இன்றும் உளர்.

எழுதியோர் எல்லாவற்றிலும் ஒத்துரைத்தாரல்லர். ஜௌஹர் பிறந்தநாளையே சில வாரம் பிந்தியதாகக் கூறுகின்றார். குழந்தை பிறந்தது முழுமதி இரவென்பது அவர் நினைவு. அறிஞருட் பெரும்பாலார் ஒக்டோபர்த் திகதியையே கொள்வர். நாமும் அவ்வாறே கொண்டோம்.

குல்பதனின் நூல் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. இலண்டனிற் பேணப்படும் பிரதி, உமாயூனின் தம்பி காம்ரானின் பார்வை பறிக்கப்பட்ட செய்தியோடு, வாக்கியம் முடியாமலே நின்றுவிடுகின்றது.