யோசியா: ஒரு சுருளைக் கேட்டு நாட்டின் பலிபீடங்களை இடித்த அரசர்

8 வயதில் அரியணை. 26 வயதில் ஒரு சுருள். 39 வயதில் மரணம். யூதா நாட்டு அரசர் யோசியாவின் வாழ்க்கையை இந்த மூன்று எண்களில் சுருக்கிவிடலாம். பைபிள் படித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். மற்றவர்களில் பலர் பெயரைக்கூட கேட்டிருக்க மாட்டீங்க.

ஆனால் பண்டைய இஸ்ரயேலின் மதத்தில் உடன்படிக்கை, சட்டம், பலி ஆகிய மூன்றும் எப்படி ஒன்றோடொன்று பிணைந்தன என்று தெரிந்துகொள்ள, இவரைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது கஷ்டம். சட்டம் சொன்னபடி நடந்தால் நன்மை வரும் என்று நம்பி எல்லாவற்றையும் மாற்றிய அரசர் இவர். அந்த நம்பிக்கை அவர் விஷயத்தில் பலிக்கவில்லை. ஏன் என்ற கேள்வி அவரோடு முடிந்துவிடவும் இல்லை.

யூதா எங்கே இருந்தது?

எருசலேமைச் சுற்றியிருந்த மலைநாடுதான் யூதா. அதன் வடக்கே இஸ்ரயேல் என்ற பெரிய சகோதர நாடு இருந்தது. கி.மு. 722 வாக்கில் அசீரியப் பேரரசு அதை விழுங்கிவிட்டது. கி.மு. 701-இல் யூதா மீதும் படை வந்தது. அரணிட்ட 46 ஊர்களைப் பிடித்ததாக அசீரிய அரசன் சனகெரிப் எழுதி வைத்தான். எருசலேம் மட்டும் விழாமல் தப்பியது.

அப்போது யூதாவை ஆண்ட எசேக்கியா, யோசியாவுக்குக் கொள்ளுத்தாத்தா. தாத்தா மனாசே 55 ஆண்டுகள் ஆண்டார். அசீரியாவுக்கு அடங்கிக் கப்பம் கட்டினார். அப்பா ஆமோன் இரண்டே ஆண்டுகளில் சொந்த ஊழியர்களாலேயே கொல்லப்பட்டார். கொன்றவர்களை நாட்டு மக்கள் கொன்றுவிட்டு, 8 வயதுப் பையனை அரியணையில் ஏற்றினார்கள். கி.மு. 640 வாக்கில் யோசியா அரசரானது இப்படித்தான்.

அவர் வளர வளர அசீரியா தளர்ந்துகொண்டே போனது. மேலே இருந்த பிடி விலக, யூதாவுக்குத் தன் விருப்பப்படி முடிவெடுக்க இடம் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடப்பதெல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

சுருள் எப்படிக் கிடைத்தது?

யோசியா ஆட்சியின் 18-வது ஆண்டு, அதாவது கி.மு. 622 வாக்கில், எருசலேம் கோயிலில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் கூலி கொடுப்பதற்கான பணத்தைக் கணக்குப் பார்க்க, அரசரின் எழுத்தர் சாப்பான் கோயிலுக்குப் போனார். அப்போது தலைமை ஆசாரியர் இல்க்கியா அவரிடம் ஒரு சுருளைக் கொடுத்தார். கோயிலில் கிடைத்த சட்டப் புத்தகம் என்றார். சாப்பான் முதலில் பணக் கணக்கை அரசரிடம் ஒப்பித்தார். அதன் பிறகுதான் சுருளை வாசித்துக் காட்டினார். கேட்ட யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டார். துக்கத்துக்கும் அச்சத்துக்கும் அந்த ஊரில் அதுதான் அடையாளம். இரண்டாம் இராஜாக்கள் நூல் இதைப் பதிவு செய்கிறது.

எதற்கு இவ்வளவு பயம்? அதற்கு உடன்படிக்கை என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

எபிரேயத்தில் அதற்கு 'பெரித்' என்று பெயர். உடன்படிக்கை செய்வதை அந்த மொழியில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றே சொல்வார்கள். விலங்கை இரண்டாகப் பிளந்து, துண்டுகளின் நடுவே நடந்து போவது பழைய சடங்கு. வாக்கு மீறினால் எனக்கும் இதே கதி என்பது அதன் பொருள். யாத்திராகமத்தில் மோசே பலியின் இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின் மீதும், மீதியை மக்கள் மீதும் தெளிக்கிறார். இடையில் உடன்படிக்கைப் புத்தகம் வாசிக்கப்படுகிறது. சட்டம்தான் நிபந்தனை. பலி அதற்கு முத்திரை.

கோயிலில் கிடைத்தது உபாகமம் நூலின் ஒரு பழைய வடிவம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஜெர்மன் அறிஞர் டி வெட்டே 1805-இலேயே இதை முன்வைத்தார். உபாகமத்தின் 28-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். கீழ்ப்படிந்தால் வரும் ஆசிகள் சில வசனங்கள்தான். மீறினால் வரும் சாபங்கள் அதைப்போலப் பல மடங்கு. நோய், பஞ்சம், முற்றுகை, நாடு கடத்தல் என்று நீள்கிறது பட்டியல்.

இந்தப் பட்டியலின் சாயல் அசீரிய ஆவணங்களிலும் இருக்கிறது. கி.மு. 672-இல் அசீரிய அரசன் எசரத்தோன், தன் மகனுக்கு விசுவாசமாக இருக்கும்படி அடங்கிய நாடுகளிடம் சத்தியம் வாங்கினான். அந்த ஒப்பந்தத்தின் ஒரு பிரதி 2009-இல் துருக்கியின் டெல் தாயினாத்தில் ஒரு கோயிலுக்குள் கிடைத்தது. விசுவாசத்தை 'அன்பு' என்று குறிப்பது, துரோகியைக் காட்டிக்கொடுக்கச் சொல்வது, நீண்ட சாபங்கள் என எல்லாமே உபாகமத்தை நினைவூட்டுகின்றன. பேரரசனுக்குச் செய்த சத்தியத்தின் அச்சை எடுத்து, யூதாவின் எழுத்தர்கள் தங்கள் கடவுளுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால் சுருள் ரொம்பப் பழையதாக இருக்க வாய்ப்பில்லை. கண்டெடுக்கப்படுவதற்குச் சில பத்தாண்டுகள் முன்புதான் எழுதப்பட்டிருக்கலாம்.

உண்மையா என்று யாரிடம் கேட்டார்கள்?

யோசியா உடனே உத்தரவு போடவில்லை. ஐந்து பேர் கொண்ட குழுவை அனுப்பி, இது மெய்தானா என்று விசாரிக்கச் சொன்னார். எரேமியா தீர்க்கதரிசி அப்போதே பேசத் தொடங்கியிருந்தார். ஆனால் குழு போனது உல்தாள் என்ற பெண்ணிடம். எருசலேமின் இரண்டாம் பகுதியில் குடியிருந்த தீர்க்கதரிசினி அவர்; கணவர் உடைகளைக் காக்கும் அலுவலர்.

உல்தாளின் பதில் இரண்டு பகுதிகள் கொண்டது. சுருளில் எழுதியிருக்கும் தண்டனை நகரத்தின் மீது வரத்தான் போகிறது. ஆனால் அரசர் மனம் வருந்தியதால் அதைக் காண மாட்டார். சமாதானமாகத் தன் கல்லறையில் சேர்வார். இந்த இரண்டாவது பகுதிக்குப் பிறகு திரும்பி வருவோம்.

யோசியா மக்களைக் கோயிலில் கூட்டினார். ஊர்ப் பெரியவர்கள், ஆசாரியர்கள், சிறியோர் பெரியோர் எல்லோரும் கேட்க, சுருள் முழுவதும் வாசிக்கப்பட்டது. அரசர் தூணருகே நின்று உடன்படிக்கை செய்தார். மக்களும் அதற்கு உடன்பட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: உபாகமத்தின் சட்டம் அரசனையும் கட்டுகிறது. குதிரை, மனைவியர், வெள்ளி, பொன் எதையும் மிதமிஞ்சிச் சேர்க்கக் கூடாது; சட்டத்தின் ஒரு பிரதியைத் தன்னோடு வைத்து நாள்தோறும் வாசிக்க வேண்டும். அரசன் சொல்வதே சட்டம் என்றிருந்த உலகத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

சாப்பாட்டுத் தட்டு வரை வந்த மாற்றம்

அதுவரை பலி என்பது ஊர் விஷயம். குன்றின் மேல் இருந்த வழிபாட்டிடங்களைத் தமிழ் பைபிள் 'மேடைகள்' என்கிறது. பல ஊர்களில் மேடை இருந்தது, அதற்கென்று ஆசாரியரும் இருந்தார். ஆட்டை அங்கே கொண்டுபோய் அறுப்பார்கள். இரத்தமும் கொழுப்பும் கடவுளுக்கு, பெரும்பாலான கறி குடும்பத்துக்கு.

சுருள் சொன்னது: பலி ஒரே இடத்தில்தான். இதன் விளைவுகளை அடுக்கிப் பாருங்கள். கறி சாப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் எருசலேம் வரை நடக்க முடியுமா? முடியாது. அதனால் வீட்டிலேயே அறுத்துக்கொள்ளலாம், இரத்தத்தை மட்டும் தரையில் ஊற்றிவிட வேண்டும் என்று உபாகமம் அனுமதி தருகிறது. அறுப்பதும் பலியிடுவதும் அங்கே இரண்டாகப் பிரிந்தன. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தூரத்திலிருந்து சுமந்து வர முடியாதவர்கள் அதை விற்று வெள்ளியாக எடுத்து வரலாம். ஒவ்வொரு மூன்றாம் ஆண்டின் பங்கும் ஊரிலேயே தங்கும். லேவியர், அந்நியர், அநாதைகள், விதவைகளுக்கு அது.

யோசியா இதைக் கண்டிப்பாகவே நடத்தினார். பாகால், அசேரா வழிபாட்டுப் பொருள்களைக் கோயிலிலிருந்து வெளியேற்றி எரித்தார். பிள்ளைகளைத் தீயில் கடக்கப்பண்ணியதாகச் சொல்லப்படும் இன்னோம் பள்ளத்தாக்கின் தோப்பேத்தைத் தீட்டாக்கினார். வடக்கே பெத்தேல் பலிபீடத்தின் மேல் மனித எலும்புகளை எரித்து, இனி யாரும் அங்கே பலியிட முடியாதபடி செய்தார். பிறகு எருசலேமில் பெரிய பஸ்கா. பிற்காலத்தில் எழுதப்பட்ட இரண்டாம் நாளாகமம் கொடுக்கும் எண்களைக் கூட்டினால் 37,600 ஆட்டுக்குட்டிகளும் வெள்ளாட்டுக்குட்டிகளும், 3,800 மாடுகளும் வருகின்றன. எண்கள் பெருக்கிச் சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் வீட்டுத் திருவிழா தலைநகரத் திருவிழாவாக மாறியது என்ற சேதி தெளிவு.

யார் விலை கொடுத்தார்கள்?

முதலில் கிராமத்து ஆசாரியர்கள். எருசலேமுக்கு வரும் லேவியருக்குச் சம பங்கு உண்டு என்கிறது உபாகமம். நடைமுறையில் மேடைகளின் ஆசாரியர்கள் எருசலேம் பலிபீடத்தில் ஏற முடியவில்லை என்கிறது இராஜாக்கள் நூல். புளிப்பில்லாத அப்பத்தில் பங்கு கிடைத்தது, அவ்வளவுதான். வேலை போனது, சாப்பாடு மட்டும் மிஞ்சியது. சமாரியாவின் ஊர்களில் நிலைமை இன்னும் கொடூரம்: அங்கிருந்த ஆசாரியர்களை அவர்களுடைய பலிபீடங்களின் மேலேயே யோசியா கொன்றார் என்று அதே நூல் எழுதுகிறது. அவரைப் போற்றும் நூலே இதை மறைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பின்னாளில் எரேமியா யோசியாவின் மகனைக் கண்டிக்கும்போது, உன் தகப்பன் ஏழை எளியவர்களின் வழக்கை நியாயமாகத் தீர்த்தான் என்று நினைவூட்டுகிறார். பலிபீடத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

மண்ணில் என்ன கிடைத்தது?

யோசியாவின் பெயரைச் சொல்லும் நம்பகமான கல்வெட்டு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. சுற்றியுள்ள உலகம் மட்டும் கிடைத்திருக்கிறது. நாத்தான்மெலெக் என்ற அரச ஊழியரின் முத்திரை பதிந்த களிமண் துண்டு எருசலேமில் கிடைத்து, 2019-இல் அறிவிக்கப்பட்டது. யோசியாவின் சீர்திருத்தத்தைச் சொல்லும் அதிகாரத்தில் அதே பெயரில் ஓர் அலுவலர் வருகிறார். தெற்கே ஆராத் கோட்டைக்குள் பலிபீடத்தோடு ஒரு கோயிலே இருந்தது. ஆனால் அது யோசியாவுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டதாகப் பலர் கணிக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா எசேக்கியாவே இந்த வேலையைத் தொடங்கியிருக்கலாம்.

1960-இல் கடற்கரையோரக் கோட்டை ஒன்றில் ஒரு மண்பாண்ட ஓடு கிடைத்தது. யோசியா காலத்தை ஒட்டியது அது. அறுவடைக் கூலியாள் ஒருவரின் மனு அதில் இருக்கிறது: வேலையை முடித்தும் மேலாள் தன் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டார், திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று அதிகாரியிடம் முறையிடுகிறார். ஏழையிடம் அடகாக வாங்கிய மேலாடையைச் சூரியன் மறையும் முன் திருப்பிக் கொடு என்பது உபாகமத்தின் சட்டம். மனுவில் சட்டம் மேற்கோள் காட்டப்படவில்லை. ஆனாலும், அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மனிதரின் குரலை இங்கே கேட்க முடிகிறது.

மெகிதோவில் என்ன நடந்தது?

கி.மு. 612-இல் அசீரியத் தலைநகர் நினிவே விழுந்தது. பாபிலோனுக்கு எதிராக எஞ்சிய அசீரியருக்கு உதவ, 609-இல் எகிப்தின் பார்வோன் நேகோ படையோடு வடக்கே போனான். யோசியா மெகிதோவில் அவனை எதிர்கொண்டார். அங்கேயே உயிர் போனது. வயது 39. உல்தாள் சொன்ன சமாதான முடிவு இதுவா?

கேள்வி அந்தக் காலத்து எழுத்தாளர்களையும் வாட்டியது. இராஜாக்கள் நூலின் பதில்: தாத்தா மனாசேயின் பாவம் அவ்வளவு பெரியது, பேரனின் நன்மையால் அதை ஈடுகட்ட முடியவில்லை. நாளாகமத்தின் பதில் வேறு: நேகோ வழியாகக் கடவுளே எச்சரித்தார், யோசியா கேட்கவில்லை. கீழ்ப்படிந்தால் வாழ்வு, மீறினால் அழிவு என்ற கணக்கைக் காப்பாற்ற இரண்டு நூல்களும் இரண்டு வழி தேடின. யோபு புத்தகம் அந்தக் கணக்கையே கேள்வி கேட்டது.

யோசியா இறந்து 23 ஆண்டுகளில், கி.மு. 586-இல், பாபிலோன் எருசலேம் கோயிலை எரித்தது. கடைசி அரசர் சிதேக்கியா, யோசியாவின் மகன். ஒரே பலிபீடம் என்று வைத்த பிறகு, அந்த ஒன்றும் போனால் என்ன மிஞ்சும்? சுருள் மிஞ்சியது. அதைக் கைதிகளால் பாபிலோனுக்குச் சுமந்து போக முடிந்தது. கி.மு. 515-இல் இரண்டாம் கோயில் எழுந்தது, பலி திரும்பியது, கி.பி. 70-இல் ரோமானியர் அதையும் அழித்தார்கள். அதன் பிறகு யூத மதத்தில் பலியின் இடத்தைப் பிரார்த்தனையும் வாசிப்பும் பிடித்தன. ஒரே இடம் என்ற விதியை ஏற்று, அந்த இடம் எருசலேம் அல்ல, கெரிசீம் மலை என்று நம்பும் சமாரியர்கள் மட்டும் இன்றும் அங்கே பஸ்கா ஆடுகளைப் பலியிடுகிறார்கள்.

அடுத்த முறை ஒரு யூத வீட்டின் நிலைக்காலில் சாய்வாகப் பதித்த சின்னப் பெட்டியைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். உள்ளே தோலில் கையால் எழுதிய சில வரிகள் இருக்கும். அவை உபாகமத்திலிருந்து எடுத்தவை.