தேசவழமை தொகுத்த திசாவை

என்னிடம் முன்னர்த் தமிழ் பயின்ற இளஞ்சட்டத்தரணி ஒருவர் அண்மையில் பழைய காணி உறுதியொன்றைக் கொண்டுவந்து பொருள் வினவினார். தமையனுக்கும் தங்கைக்கும் வழக்கு. அவர் தங்கையின் சார்பில் தோன்றுபவர். காணி முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்பதே பிணக்கு. இச்சொற்களைச் சட்டவேட்டில் ஏற்றியவர் ஓர் ஒல்லாந்தர் என்று யான் கூற, அவர் வியந்தார். அவ்வியப்பே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் யாழ்ப்பாணத்துத் திசாவையாக விளங்கியவர். 1658இல் ஒல்லாந்தர் இந்நாட்டைக் கைப்பற்றினர். மக்களின் வழமையோ அவர்தம் நாவில் இருந்தது; சட்டநூலாக வகுக்கப்பட்டிருக்கவில்லை. எனவே, 1706இல் தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் அதனைத் தொகுக்குமாறு ஐசாக்சைப் பணித்தார். இம்மக்களோடு அவர் பழகிய காலம் 37 ஆண்டுகள். அப்பழக்கமே அவருக்கு மூலநூலாயிற்று.

உரிமை வழி, சீதனம், மகவேற்பு, ஒற்றி, விற்பனை, கடன் முதலியவற்றை அவர் ஒல்லாந்த மொழியில் வகுத்தெழுதினார். ஒற்றி பிடித்தவன் வட்டிக்கு ஈடாகக் காணியின் பயனை நுகர்வான். அதனை மீட்கும் பருவமோ பயிருக்கேற்ப வேறுபடும். உழவரோடு பழகாதார் இத்துணை நுட்பம் எழுதுதல் அரிது.

எழுதியதோடு அவர் அமையவில்லை. யான் பிரூஸ் என்பார் அதனைத் தமிழாக்க, முதலியார் பன்னிருவர் ஆராய்ந்து ஒப்பினர். 1707இல் தேசவழமை சட்டமாயிற்று. ஆங்கிலேயரும் 1806இல் அதனை ஏற்றனர். 1862இல் முத்துக்கிருஷ்ணா என்பார் நீதிமன்றத் தீர்ப்புக்களையும் சேர்த்துப் பதிப்பித்தார். வழக்குரைப்போர்க்கு அது நல்ல கைவிளக்காயிற்று.

குறையும் கூறல் வேண்டும். அடிமைகளைப் பற்றிய விதிகளும் அந்நூலில் உள. இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிந்தது, அவ்விதிகளும் உயிரிழந்தன. நூலை ஆராய்ந்த பன்னிருவருள் அடிமையுமில்லை, பெண்ணுமில்லை. எவருடைய வாழ்வு அவ்வேட்டால் கட்டுண்டதோ, அவரை எவரும் வினவிலர். பெரியாருடைய பணியே ஆயினும் இதனை மறைத்தல் தகாது.

பின்வந்த சட்டங்கள் பலவற்றை மாற்றின. மணவுரிமையையும் மரபுரிமையையும் 1911ஆம் ஆண்டுச் சட்டம் திருத்திற்று. தேடியதேட்டத்தின் இலக்கணம் 1947இல் மாறியது. ஆதலால் ஒரே சொல் ஒவ்வோர் உறுதியிலும் ஒரே பொருள் தருமென எண்ணுதல் பிழை.

இவற்றைக் கூறியபின், தங்கையின் தாயார் மணம்புரிந்த ஆண்டு யாதென மாணவரைக் கேட்டேன். அவர் உறுதியைப் புரட்டினார். அதில் அஃது இல்லை. அந்த அம்மையாரை ஒருமுறையேனும் கேட்டீரோ என்றேன். அவர் தலைகுனிந்தார். வழமை ஏட்டில் ஏறிய பின்னரும், முதலிற் கேட்கவேண்டிய இடம் மனிதர் வாயே. திசாவை 37 ஆண்டுகள் செய்தது அதுவே. அவர் கேளாது விட்டவரையும் கேட்பது நம் கடன்.